அறுபதில் இரண்டு நாழிகை

2023 நவம்பர் முதல் தேதி, புதன்கிழமை. விடியற்காலை 4.10-க்கு எழுந்து, கூடத்து மூலையில் கிடக்கும் தையல் இயந்திரத்தின் மேல் மடிக்கணினியை வைத்து, என் நாவலின் முதல் வரியை எழுதினேன்: "கோட்டைச் சுவரின் மேல் வெண்பனி பொழிந்துகொண்டிருந்தது." நான் பிறந்தது திருவையாற்றுப் பக்கம். வாழ்க்கைப்பட்டது தஞ்சாவூருக்கு. நாற்பத்தொரு வயதுவரை பனி என்று நான் கண்டதெல்லாம் மார்கழியில் புல் நுனியில் நிற்கும் துளிதான். அந்த வெண்பனிக்கு நேர்ந்த கதியைப் பிறகு சொல்கிறேன்.

நவம்பரில் ஒரு நாவல் என்ற யோசனை என்னுடையது அன்று. 1999 ஜூலையில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பக்கம் கிறிஸ் பேட்டி என்பவரும் நண்பர்களுமாக 21 பேர் தொடங்கிய விளையாட்டு அது. ஒரே மாதத்தில் 50,000 சொல் எழுத வேண்டும். மறு ஆண்டு அதை நவம்பருக்கு மாற்றினார்கள். வானிலை மோசமாக இருக்கும், வீட்டுக்குள் அடைந்து கிடந்து எழுதலாம் என்பது கணக்கு. பின்னாளில் பல நாடுகளுக்குப் பரவியது. அதை நடத்திய அமைப்பு 2025-இல் கடையை மூடிவிட்டது. நவம்பர் மட்டும் ஆண்டுதோறும் வருகிறது. தஞ்சாவூரிலும் நவம்பரில் வானிலை மோசம்தான். அடைந்து கிடக்கத்தான் யாரும் விடுவதில்லை.

நான் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். மாதா மாதம் ஜிஎஸ்டி படிவம் ஒன்று 11-ஆம் தேதிக்குள், இன்னொன்று 20-ஆம் தேதிக்குள் போயாக வேண்டும். அந்த ஆண்டு 12-ஆம் தேதி தீபாவளி, 26-ஆம் தேதி கார்த்திகை தீபம். கணவர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அவருக்கு இரவு என்ற ஒன்று கிடையாது. மகள் எட்டாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. மாமியாருக்கு 74 வயது, தீராத முழங்கால் வலி, அசாத்திய நினைவாற்றல். இந்த நாள்காட்டியைப் பார்க்கும் எந்தக் கணக்காளரும் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்வார். நானும் ஆறு ஆண்டுகளாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் வேலையாக 50,000 என்ற எண்ணைக் குறைத்தேன். அது ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களின் அளவு. "வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து" என்பது நமக்கு ஒரே சொல். அவர்களுக்கு அதைச் சொல்ல ஆறு சொல் வேண்டும். வேற்றுமை உருபும் துணைவினையும் வாலாக ஒட்டிக்கொள்ளும் மொழியில் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது, 50 கிலோ மூட்டை என்று சொன்னதை 50 வீசை (கிலோவைவிடக் கனமான பழைய எடை) என்று காதில் வாங்கிக்கொண்டு தூக்கப் போவதைப் போன்றது. என் பழைய சிறுகதை ஒன்றின் இரண்டு பக்கங்களை ஆங்கிலத்தில் ஒப்பேற்றி எண்ணிப் பார்த்தேன். என் நடைக்கு 30,000 தமிழ்ச் சொல் என்பது ஏறக்குறைய அதே சுமை என்று தெரிந்தது. நாளுக்கு 1,000. நீங்கள் எழுதப் போவதாக இருந்தால் உங்கள் எழுத்தை வைத்தே இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். என் எண் உங்களுக்குப் பொருந்த வேண்டியதில்லை. இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இரண்டாம் வாரத்தில் என்னை நானே கையும் களவுமாகப் பிடித்தேன். எப்போதும் "எழுதிக்கொண்டிருந்தாள்" என்று சேர்த்து எழுதுகிற நான், "எழுதிக் கொண்டு இருந்தாள்" என்று பிரிக்கத் தொடங்கியிருந்தேன். ஒன்று மூன்றாகிவிடுகிறது அல்லவா? எங்கள் வாடிக்கையாளர் யாராவது இப்படிக் கணக்குக் காட்டியிருந்தால் கோப்பைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

நேரத்தை நாழிகையில் அளந்தேன். ஒரு நாழிகை 24 நிமிடம், நாளுக்கு 60 நாழிகை. இதில் பழம்பெருமை எதுவும் இல்லை. "ஒரு மணி நேரம் எழுதப் போகிறேன்" என்றால் வீடு பதறுகிறது; "ஒரு நாழிகை" என்றால் சிரித்துக்கொண்டே விட்டுவிடுகிறது. வைகறையில் இரண்டு நாழிகை, இரவு எல்லோரும் படுத்த பின் ஒன்று. அறுபதில் மூன்று. இரவு நாழிகை பெரும்பாலும் தூக்கத்திலேயே போயிற்று என்பதால் நடைமுறையில் இரண்டு.

இந்த இரண்டையும் அக்டோபர் கடைசி ஞாயிறன்று, மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் இருந்தபோது பேரம் பேசி வாங்கினேன். "ஒத்துழைப்புக் கொடுங்கள்" என்று கேட்டிருந்தால் நால்வரும் தலையாட்டியிருப்பார்கள், ஒன்றும் நடந்திருக்காது. வேலையைப் பெயர் சொல்லிக் கேட்டேன். இரவுப் பாத்திரம் கணவருக்கு. காலை டிக்காஷனும் தோசை மாவும் அத்தைக்கு. தம்பியின் வீட்டுப்பாடம் மகளுக்கு; அதற்கு அவள் கூலியாக, கதை கல்யாணத்தில் முடியக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டாள். மகனுக்கு ஒரே ஒரு கடமை: ஆறு மணிக்கு முன் எழுந்தால் அப்பாயியிடம் போய்ப் படுத்துக்கொள்வது. பதிலுக்கு நான் கொடுத்தவை: ஆறு அடித்தால் எந்த வாக்கியத்தில் இருந்தாலும் மடிக்கணினியை மூடுவது, ஞாயிற்றுக்கிழமைச் சமையல் முழுவதும் என்னுடையது, நவம்பர் 30-க்குப் பிறகு ஒரு நாள்கூட நீட்டிக்கக் கேட்பதில்லை. இந்தக் கடைசி நிபந்தனைதான் பேரத்தை முடித்துவைத்தது. முடியும் தேதி தெரிந்த தொந்தரவை எந்த வீடும் பொறுத்துக்கொள்ளும்.

இப்போது வெண்பனி. மூன்று நாளில் 2,840 சொல் எழுதியிருந்தேன். கோட்டை, விடுதி, குதிரை, முக்காடிட்ட வழிப்போக்கன். வெள்ளிக்கிழமை இரவு அத்தையின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது கதை எங்கே நடக்கிறது என்று கேட்டார். பனி நாட்டில் என்றேன்.

"அங்கே என்ன சாப்பிடுகிறார்கள்?"

"சூடாகக் கஞ்சி குடிக்கிறார்கள், அத்தை."

"எந்த அரிசிக் கஞ்சி?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நாட்டில் என்ன விளைகிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பனியை மிதித்தால் காலுக்குக் கீழே என்ன சத்தம் கேட்கும் என்று எதுவுமே எனக்குத் தெரியாது. எல்லாம் படித்த புத்தகங்களிலிருந்து இரவல் வாங்கியது. அத்தை அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மேட்டூரில் இருப்பு இல்லாமல் அக்டோபரில் பாசனத் தண்ணீரை நிறுத்திய ஆண்டு அது. அவருக்கு அதே நினைவு. தம் பிறந்த ஊரில் தண்ணீர் குறைந்த காலத்தில் முறை வைத்துப் பாய்ச்சியதைச் சொல்லத் தொடங்கினார். இன்னாருக்கு இத்தனை நேரம் என்று பங்கு. கைக்கடிகாரம் இருந்தவர்கள் இரண்டு பேர்; இரண்டும் வேறு வேறு மணி காட்டும். இரவில் அடுத்தவன் முறையில் மடையைத் திறந்துவிட்டு ஓடுகிறவர்கள். "தண்ணீரையா திருடினார்கள்? நேரத்தை அல்லவா திருடினார்கள்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு, இடது காலை நீட்டினார்.

நாவல் அங்கேதான் பிறந்தது. கடிகாரம் வருவதற்கு முன் நம் ஊரில் நாழிகை வட்டில் இருந்தது. அடியில் சிறு துளையிட்ட கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டால், நீர் ஏறி அது மூழ்கும் நேரம் ஒரு நாழிகை. அரசனுக்கு நாழிகை சொல்வதற்கென்றே நாழிகைக் கணக்கர் என்று ஆட்கள் இருந்தார்கள். முல்லைப்பாட்டில் அந்தக் கருவி 'குறுநீர்க் கன்னல்' என்று வருகிறது. கன்னல் என்றால் கரும்பு என்றும் பொருள். என் கதாநாயகிக்கு அதையே பெயராக வைத்தேன். அவள் அப்பா நாழிகைக் கணக்கர். அரண்மனையில் யாரோ வட்டிலின் துளையை மயிரிழை அளவு அகலப்படுத்திவிடுகிறார்கள். கிண்ணம் சீக்கிரம் மூழ்குகிறது. அறுபது எண்ணி முடித்த பிறகும் விடியாமல் கொஞ்சம் இருட்டு மீந்து நிற்கிறது. அந்த மீதி இருட்டு யாருடைய கணக்கிலும் இல்லை. அதை அரசி எடுத்துக்கொள்கிறாள். அவளுக்கு வயது ஏறுவதில்லை. ஊருக்கோ மழை நின்று போகிறது.

2,840 சொல்லையும் வாராக்கடன் என்று எழுதித் தள்ளினேன். அழிக்கவில்லை, தனிக் கோப்பில் கிடக்கிறது. இப்படி மாய நாடும் மந்திரமும் வரும் மிகைபுனைவு எழுத வருகிறவர்களில் பலர் என்னைப் போலவே பனியில்தான் தொடங்குவார்கள் என்று நினைக்கிறேன். கஞ்சி எந்த அரிசி என்று கேட்க ஓர் ஆளை வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது.

நான்காம் தேதி சனிக்கிழமை. உலகத்தைக் கட்ட ஒரே ஒரு நாள் என்று வரம்பு வைத்துக்கொண்டேன். இதற்கு நம்மிடம் ஆயத்த அச்சு ஒன்று இருப்பது பள்ளியில் மனப்பாடம் செய்தபோது உறைக்கவே இல்லை. தொல்காப்பியம் கருப்பொருள் என்று ஒரு பட்டியல் தருகிறது: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். ஐந்து நிலத்துக்கும் இந்த எட்டையும் கட்டம் போட்டால் நாற்பது பெட்டி. ஒவ்வொரு பெட்டியிலும் நான் கற்பனை செய்த ஒரு பொருள். மலைக்காரர்களின் பறை மழையை அழைக்கும். கடற்கரைக்காரர்களின் பறை அதை விரட்டும் என்று எழுதியதும் அவர்களுக்குள் ஒரு போர் தானாகவே மூண்டுவிட்டது. முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிந்தால் பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் சொல்வதை எடுத்துக்கொண்டேன்; என் கதையில் நிலம் அப்படித் திரிவதே கதை. மகள் வரைபடம் வரைந்து கொடுத்தாள். அழகான படம். ஆறு மட்டும் கடலிலிருந்து மலைக்கு ஏறியது. அதைச் சுட்டிக்காட்டியபோது "மந்திர நாடுதானே?" என்றாள். அவளிடம் வாதாட முடியாமல் ஒப்புக்கொண்டு, ஏன் ஏறுகிறது என்பதற்கு ஏழாம் அத்தியாயத்தில் காரணம் கண்டுபிடித்தேன். நாற்பது பெட்டியில் கதைக்குள் வந்தது பதினொன்றுதான். மற்றவற்றை நிரப்பிய நேரத்தில் எழுதியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. உலகம் கட்டுவது வேலை செய்வது போலவே இருக்கும். அதுதான் அதன் ஆபத்து.

எழுதும்போது தகவல் தேடப் போய்விடுவது என் பலவீனம். செம்புக் கிண்ணத்தில் துளை போட எந்தக் கருவி என்று தேடப் போனால் இரண்டு நாழிகையும் போய்விடும். இதற்கு அலுவலகத்திலிருந்து ஒரு வழியைக் கொண்டுவந்தேன். இருப்புநிலை ஒத்துப்போகாதபோது வித்தியாசத் தொகையைத் தற்காலிகமாக அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு மேலே போவோம். நாவலிலும் தெரியாத இடத்தில் "அனாமத்து" என்று அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். "கன்னல் அனாமத்து கொண்டு துளையைத் தொட்டுப் பார்த்தாள்." மாத முடிவில் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தபோது 61 இடங்களில் இருந்தது. ஓர் அமைச்சரின் பெயரே கடைசிவரை அனாமத்துதான். அவருக்கு இப்போதுகூட வேறு பெயர் ஒட்ட மறுக்கிறது.

நாள்காட்டித் தாளையும் சொல்ல வேண்டும். தினமும் கிழிக்கும் நாள்காட்டியில், முடிந்த நாளின் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் மறுநாள் காட்சிக்கு ஒரே ஒரு கேள்வி எழுதி மடிக்கணினிக்குள் செருகிவைப்பேன். "காவலாளி கன்னலைப் பார்த்தும் ஏன் கத்தவில்லை?" அவ்வளவுதான். 4.10-க்கு மூளை விழித்திருக்காது, ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்லும். முன்பக்கத்தில் அன்றைய சொல் எண்ணிக்கை. எழுதாத நாளில் பூஜ்யம் என்று எழுதினேன், வெற்றிடமாக விடவில்லை. 10, 11, 12 மூன்று நாளும் பூஜ்யம். படிவம் அனுப்பும் அவசரம், பிறகு அதிரசம், பிறகு தீபாவளி.

தட்டச்சைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. எனக்கு தமிழ்99 விசைப்பலகை பழக்கம். க விசையை இரண்டு முறை தட்டினால் "க்க" என்று அதுவே புள்ளி வைத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைக்கும் ஒலிபெயர்ப்பு முறையைவிட விரலுக்கு வேலை குறைவு. பழக இரண்டு வாரம் ஆகும் என்பதால் நவம்பரில் தொடங்காதீர்கள். கைப்பேசியில் பேசி எழுதவைப்பதையும் பஸ்ஸில் முயன்றேன். "நாழிகைக் கணக்கர்" என்று சொன்னதெல்லாம் "நாளைக்குக் கணக்கர்" என்று வந்தது. தவிர, "அரசியின் கழுத்தில் நரம்பு துடித்தது" என்று நான் சொன்னபோது பக்கத்து இருக்கை அம்மா எழுந்து வேறு இடத்துக்குப் போனார்.

வீட்டாரிடம் எவ்வளவு சொல்லலாம் என்பதில் ஒரு முறை தவறு செய்தேன். ஐந்தாம் அத்தியாயத்தின் முடிவை, எழுதுவதற்கு முன்பே, மகளுக்குத் தலை வாரிக்கொண்டே சொன்னேன். அவள் கண் விரியக் கேட்டாள். மறுநாள் எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. சொல்ல வேண்டிய ஆசை முந்தின நாளே தீர்ந்துவிட்டது. அதன் பிறகு கதையைச் சொல்வதை நிறுத்திவிட்டுக் கேள்விகளை மட்டும் கேட்டேன். "யாளி எதற்குப் பயப்படும்?" என்று மகனைக் கேட்டபோது, கொஞ்சமும் தாமதிக்காமல் "ஊசி" என்றான். நாவலில் யாளி பயப்படுவது தையல் ஊசிக்குத்தான்.

இனிச் சொல்லப் போவது எனக்குப் பெருமை தருவதல்ல. தீபாவளி முடிந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் பள்ளி விடுமுறை. மகன் இடைவிடாமல் கேட்ட சந்தேகங்களுக்கு நடுவே எப்படியோ எழுதினேன். 15-ஆம் தேதி விடியற்காலை நல்ல வேகத்தில் இருந்தேன். கன்னல் முதல்முறையாக அரண்மனை வட்டிலை எடுத்துப் பார்க்கிறாள். கதவு திறந்தது. இரவு பத்து மணிக்கு மின்கம்பி அறுந்த இடத்துக்குப் போன கணவர் அப்போதுதான் திரும்புகிறார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அடுப்பில் கொஞ்சம் வெந்நீர் வைக்கச் சொன்னார். நான் திரும்பாமலே "ஒரு நிமிடம்" என்றேன். அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. மணி அடித்துத் திரும்பியபோது அவர் ஈர உடையோடு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"வெந்நீருக்குக்கூட உன் அரசியிடம்தான் உத்தரவு வாங்க வேண்டுமா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் சுட்டது.

ஒப்பந்தப்படி அது என் நேரம்தான். அவருக்கும் அது தெரியும். ஆனால் ஒப்பந்தம் போட்டபோது மழையில் நனைந்து வருகிறவரை நாங்கள் இருவருமே நினைத்துப் பார்க்கவில்லை. 16, 17 இரண்டு நாளும் நான் எழுந்திருக்கவில்லை. அவர் எதுவும் கேட்கவில்லை. 17-ஆம் தேதி இரவு மட்டும், "எழுதவில்லை என்றால் பாத்திரத்தை நீயே கழுவு" என்றார். எங்கள் வீட்டில் சமாதானம் இப்படித்தான் வரும். புதிதாக ஒரு விதி சேர்த்தோம்: வாசலில் யாராவது வந்தால் நாழிகை நிற்கும். கைப்பேசியில் மணியை நிறுத்திவிட்டு எழுந்து போவேன். திரும்பி வந்து மீதி நிமிடத்தைத் தொடர்வேன். தொடக்கத்திலேயே இது இருந்திருந்தால் அந்தச் சண்டை இல்லை. ஆனால் நாவலில் ஒரு காட்சி இருந்திருக்காது. அப்பா மழையற்ற ஊரில் ரத்தத்தில் நனைந்து வீடு திரும்புகிறார். கன்னல் கிண்ணத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருக்கிறாள். திரும்பினால் எண்ணிக்கை தவறிவிடும். அவள் திரும்பவில்லை. முழு நாவலில் நான் ஒரு சொல்லைக்கூட மாற்றாத பக்கம் அது ஒன்றுதான். வீட்டுச் சண்டையைக் கதைக்கு விற்றுவிட்டேன் என்று கணவர் சொல்வதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

18-ஆம் தேதி காலை கணக்குப் பார்த்தேன். வாராக்கடன் போக 6,810 சொல். மீதம் பதின்மூன்று நாள். 30,000-க்கு வாய்ப்பே இல்லை. அன்று இலக்கை மாற்றினேன்: எத்தனை சொல் என்பதை விட்டுவிட்டு, 30-ஆம் தேதிக்குள் கடைசிக் காட்சிக்குப் போய்ச் சேர்வது. எழுத வராத இடங்களைத் தாண்டினேன். "இங்கே ஒரு பயணம். மூன்று நாள். யாராவது ஒருவர் சாக வேண்டும். யார் என்று பிறகு." இப்படி ஐந்து பாலங்கள். சொல்லை எண்ணுவதை நிறுத்தியதும் சொல் கூடியது வேடிக்கை.

மறுநாள் ஞாயிறு, அகமதாபாத்தில் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. வீட்டில் பதினான்கு பேர். கணவரின் சித்தப்பா பிள்ளைகள், அடுத்த வீட்டுப் பையன்கள், எல்லோரும் தொலைக்காட்சி முன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னை யாரும் தேட மாட்டார்கள் என்று சட்டென்று உறைத்தது. மொட்டைமாடிப் படிக்கட்டறையில் பழைய பாயை விரித்து உட்கார்ந்தேன். தெருவின் சத்தத்தை வைத்தே ஆட்டம் தெரிந்தது. இந்தியா 240-க்குச் சுருண்டபோது கன்னல் சுரங்கத்தில் இருந்தாள். ஆஸ்திரேலியா 6 விக்கெட் வித்தியாசத்தில் வென்றபோது யாளி பேசிவிட்டது. 3,100 சொல், அந்த மாதத்தின் உச்சம். துள்ளிக்கொண்டு கீழே இறங்கினால் வீடு இழவு வீடாக இருந்தது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு தோசை வார்த்தேன். ஊர் முழுக்க வேறு பக்கம் பார்க்கும் நாட்களை முன்கூட்டியே நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன்.

26-ஆம் தேதி கார்த்திகை. வாசலிலும் மாடியிலும் அகல் ஏற்றிவிட்டு, பொரி உருண்டையைக் கொறித்துக்கொண்டே 1,400 சொல். ஊர் மக்கள் எல்லோரும் விளக்குத் திருவிழாவுக்குக் கோயிலில் கூடியிருக்க, கன்னல் ஆளில்லாத அரண்மனைக்குள் புகுந்து, மீதி இருட்டின் மறைவில் வட்டிலை மாற்றிவைக்கிறாள். நாவலின் உச்சக் காட்சி. வாசல் விளக்குகள் கண்ணெதிரே எரிந்துகொண்டிருந்ததால் கை தானாக ஓடியது.

30-ஆம் தேதி இரவு 11.40-க்குக் கடைசி வரியை எழுதினேன். 24,360 சொல். வாராக்கடனைச் சேர்த்தால் 27,200, நான் சேர்க்கவில்லை. கல்யாணம் இல்லை, மகள் கடைசிப் பக்கத்தைப் படித்து உறுதி செய்துகொண்டாள்.

அதன் பிறகு நான்கு மாதம் அதைத் தொடவில்லை. மார்ச் கணக்கு முடிப்பு முடிந்து, கோடை விடுமுறையில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, மதிய வேளைகளில் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். படித்துக் காட்டினால்தான் தெரியும், எந்த வாக்கியத்தில் கேட்பவருக்குக் கொட்டாவி வருகிறது என்று. அந்தப் பாலங்கள் ஐந்தில் மூன்று தேவையே இல்லை என்று அப்போது தெரிந்தது. பயணத்தை எடுத்தபோது அவர் கவனிக்கவே இல்லை. வெந்நீர்க் காட்சி வந்தபோது தம் மகன் இருக்கும் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. உச்சக் காட்சியை வாசித்து முடித்து நிமிர்ந்தேன்.

"விளக்குத் திருவிழா என்றைக்கு?" என்றார்.

"பௌர்ணமி அன்று, அத்தை. நம் கார்த்திகை போலத்தான்."

"பௌர்ணமி நிலா விடியும்வரை மேற்கே நிற்குமே. மீதி இருட்டு எங்கிருந்து வந்தது? நிலா வெளிச்சத்தில் எந்தக் களவாணி மடையைத் திறப்பான்?"

ஒன்பது பக்கம். திருவிழாவை அமாவாசைக்குத் தள்ளலாம் என்றால், நிலவைப் பார்த்துத்தான் மலைக்காரர்கள் பறையை அடிக்கிறார்கள். ஆறு மேலே ஏறுவதும் அன்றுதான். மேகத்தைக் கொண்டுவந்து நிலவை மறைக்கலாம் என்றால், அந்த ஊரில் ஏழு ஆண்டாக வானத்தில் மேகமே இல்லை என்று முதல் பக்கத்திலேயே எழுதித் தொலைத்திருக்கிறேன்.